விஜயநகர் மொட்டைமாடியில் ஒரு மீன் வலை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், மைசூர் விஜயநகரில் நடந்தது இது. இப்போது அங்கே போனால் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. அப்போது அப்படியில்லை. வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஒரு வீடு, அதற்கப்புறம் நாலு மனை முழுக்கப் புல், அப்புறம் பாதி கட்டி நிறுத்திய இன்னொரு வீடு. காற்று வந்தால் தடுக்க ஒன்றும் கிடையாது.

நான் கடலூருக்குத் தெற்கே, கடற்கரையில் பிறந்தவள். அப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தாலே எல்லோருக்கும் காது ரேடியோவில்தான் இருக்கும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். படகை மேட்டில் ஏற்றுவது, விறகைப் பரணில் போடுவது, அரிசியையும் மண்ணெண்ணெயையும் உயரத்தில் வைப்பது, பழைய வலையைக் கூரைமேல் விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவது என்று தீபாவளி வேலை மாதிரி இதுவும் ஒரு வேலை. மற்ற விஷயத்தில் எனக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். காற்றைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் சேலத்துக்காரர், கடலைச் சுற்றுலாவில் பார்த்தவர். "இங்க புயலாவது மண்ணாவது, நிம்மதியா இரு" என்றார். நானும் நம்பினேன்.

எங்களுக்குக் கிடைத்த வீடு ஒரு மாமியின் வீட்டு மாடி. மாமி மேல்கோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில், கணவர் காலமாகிவிட்டார், கீழே தனியாக இருந்தார். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் பாதி கன்னடம் கலந்து வரும். மாடியில் ஒரு அறை, அதன் ஓரத்திலேயே சமையல் மேடை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பக்கத்தில் ஒரு குளியலறை, அதற்கு மட்டும் காங்கிரீட் கூரை, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. மாமி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் மீன், முட்டை, கறி எதுவும் நுழையக் கூடாது. எங்கள் ஊர் எது என்று கேட்டார், கடலூர் பக்கம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மீன் ஆசை வந்தால் வேறு பேட்டையில் இருந்த ஒரு தோழி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வருவேன். அந்த ஊர் ஐஸ் மீனுக்கு அவ்வளவு பாடு பட்டிருக்கவே வேண்டாம், அது வேறு விஷயம்.

முதல் கோடையிலேயே கணவர் சொன்னது பொய்யாகிவிட்டது. மத்தியானம் வரை மண்டை பிளக்கும் வெயில். மூணு, நாலு மணிக்குத் திடீரென்று புழுதி கிளம்பியது. கறுப்பாக மேகம் வந்தது. அரை மணி நேரம் அடித்த காற்று, காலி மனையில் இருந்த ஒரு சிமென்ட் கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்து, தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டு போனது. அப்புறம் ஆலங்கட்டி, மழை, முடிந்தது. எங்கள் ஊர்ப் புயலாவது நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டு வரும். இது சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் "இது மாங்காய் மழை, வருஷா வருஷம் வரும்" என்று சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் நான் எங்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். ஷீட் பறக்காமல் இருப்பதற்காக மேஸ்திரி மேலே கல் அடுக்கியிருந்தார். பெரிய பெரிய கட்டடக் கற்கள், காங்கிரீட் துண்டுகள், உடைந்த ஆட்டுக்கல் ஒன்று. அந்தத் தெருவில் ஷீட் போட்ட எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். எங்கள் ஊரில் கூரைமேல் சும்மா ஒரு கல்லை வைத்தால் வைத்தவனை அடிக்க வருவார்கள். காற்று கீழே புகுந்தால் கூரை, உலை கொதிக்கிற பானையின் மூடி மாதிரி எழும்பும். எழும்பினால் மேலே இருக்கிற கல் எங்கே போகும்? உள்ளே படுத்திருக்கிறவர்கள் தலையில்தான் விழும். கூரையைக் கட்ட வேண்டும், பாரம் ஏற்றக் கூடாது. இது எங்களுக்குப் பால்குடி வயசிலேயே தெரியும்.

அந்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். அவளுடைய சேலைத் தூளி தொங்கியது அந்த ஷீட்டைத் தாங்குகிற இரும்புக் குழாயில். அதற்கு நேர் மேலேதான் அந்த ஆட்டுக்கல்.

அடுத்த கோடை வருவதற்குள் இதற்கு ஒரு வழி செய்தே தீருவது என்று முடிவு கட்டினேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊர்க் கடைக்குப் பேசி, அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பங்குனியில் குழந்தையைப் பார்க்க வந்த அண்ணன், ஒரு கையில் குழந்தைக்கு வெள்ளிக் கொலுசும் இன்னொரு கையில் கோணிப்பையுமாக வந்து நின்றார். கோணிக்குள் பழைய நைலான் வலை. பெங்களூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாருமே உட்காரவில்லையாம், ஜாலியாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேன் என்றார்.

சோப்புத் தூளில் ஊறப்போட்டேன். எலுமிச்சைத் தோல் போட்டு அலசினேன். மாடியில் காயப்போட்டேன். விஜயநகரில் இருந்த பூனை அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. கணவர் "மைசூர்ல எங்க வலை வீசப் போற, தண்ணித் தொட்டியிலயா?" என்று கேட்டுச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. மூக்கில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு மாடிப்படியில் பாதியில் நின்றார். வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் யார் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை.

வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்றுதான் நினைத்தோம். கணவர் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேள் என்றார். எனக்கு அது சரியென்று படவில்லை. மாமி ஆசிரியையாக இருந்தவர், சொன்னால் புரியும் என்று தோன்றியது. நேரே அவரிடமே போய் ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினேன். தொட்டிக்கு ஏறுகிற ஏணியில் நின்றால் ஷீட்டின் மேல்பக்கம் எட்டும். அந்த ஆட்டுக்கல்லைச் சுற்றி ஒரு கோடு போட்டு வைத்தேன். சில நாளில் ஒரு சாயங்காலம் கொஞ்சம் காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. மறுநாள் காலையில் மாமியைக் கூப்பிட்டேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார். கல் கோட்டைத் தாண்டி நகர்ந்திருந்தது.

மாமி கல்லுக்கும் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். "இதுக்குக் கீழ்தானே கொழந்தே தூங்கறா?" என்றார். ஆமாம் என்றேன்.

"சரி, வலையப் போடு. கோடை முடிஞ்சு ஆனி வந்தா எடுத்துடணும் மத்தே, ஞாபகம் வெச்சுக்கோ. நான் தொடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

அன்றே கல்லையெல்லாம் கீழே இறக்கினோம். ஷீட்டைப் பிடித்திருந்த கொக்கி போல்ட்டுகளை முடுக்கினோம். வலையை விரித்து, மூன்று மூலைகளைக் கைப்பிடிச் சுவரில் இருந்த இரும்பு வளையங்களில் இழுத்துக் கட்டினேன். நாலாவது மூலையில் வளையம் இல்லை, மழைநீர்க் குழாய்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருந்தது. அதிலேயே கட்டினேன். பூந்தொட்டிகளைச் சுவர்மேலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். அப்புறம் மாமிக்கு ஒரு பாடம் எடுத்தேன். காற்றுச் சத்தம் மாறினால் அறையில் இருக்கக் கூடாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட வேண்டும், அதற்குத்தான் காங்கிரீட் கூரை. காற்று அடிக்கும்போது எது போனாலும் வெளியே வரக் கூடாது. இதை நான் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, மாமி என்னைக் கண்டாலே "ஆச்சு, பாத்ரூம், வெளியே வரப்படாது" என்று முன்கூட்டியே ஒப்பித்துவிடுவார்.

சித்திரையில் ஒரு நாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கட்டட வேலைக்கு வந்து ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் தங்கியிருந்தாள், பிரசவமாகியிருந்தது. பத்தியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினேன். வெயிலில் குழந்தையை எடுத்துப் போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியே சொன்னார். என் மகளுக்குத் தூளியில் போட்டால்தான் தூக்கம் வரும். அதனால் மாமி மாடிக்கு வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். வானத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருஷம் வந்தது மாதிரி இல்லை, இது பெரிசு. மைசூர்ப் பக்கம் முழுக்கக் கறுத்து, அடியில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வந்தது. காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. டிரைவர் ஓரமாக ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தப் போனார். நான் எழுந்து நின்று "அண்ணா, மரத கெளகே நில்லிஸ்பேடி!" என்று கத்தினேன். மரத்துக்குக் கீழே நிறுத்தாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில். கண்டக்டர் "சும்னே கூத்கொள்ளம்மா" என்று என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, விடாமல் கத்தினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் டிரைவர் வண்டியை நகர்த்தி வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆலங்கட்டி தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. காற்று ஓய்ந்த பிறகு பார்த்தால் அந்த மரம் விழவே இல்லை, கம்பீரமாக நின்றது. நான் இறங்கும்வரை கண்டக்டர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கட்டும். இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் கத்துவேன்.

ஆனால் அந்த அரை மணி நேரம் பஸ்ஸுக்குள் என் உயிர் என்னிடம் இல்லை. தூளியும் இரும்புக் குழாயும்தான் கண்ணுக்குள் நின்றன. மாமி அறையிலேயே உட்கார்ந்துவிட்டால்? பயத்தில் கீழே இறங்கப் பார்த்துத் திறந்த படியில் மாட்டிக்கொண்டால்? வலை தாங்குமா என்று ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. மாமி தாங்குவாரா என்றுதான் பயந்தேன்.

மைசூரில் இறங்கினால், ஊருக்குள் ஆட்டோ எதுவும் வரவில்லை. நடந்தேன், ஓடினேன். வழியெல்லாம் கிளைகள். எங்கள் தெரு முனையில் கரண்ட் கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்து தேங்கிய தண்ணீரில் கிடந்தது. அந்தப் பக்கம் எங்கள் வீடு தெரிகிறது. தாண்டிக் குதித்தால் ஒரே எட்டு வைக்கிற தூரம்தான். கால் பரபரத்தது. ஆனாலும் திரும்பி, இரண்டு தெரு சுற்றி, முள்ளும் சேறுமாகக் கிடந்த காலி மனைகள் வழியாகப் போனேன். குழந்தைக்கு என்ன ஆச்சோ என்று தெரியாமல் வேறு பக்கமாக நடப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

பக்கத்து வீட்டைத் தாண்டும்போது பார்த்தேன். ஷீட் அறைக்கு மேலே ஒன்றுமே இல்லை, வானம்தான். கூரையில் வைத்திருந்த கற்கள் அறைக்குள் விழுந்து கட்டிலை முறித்திருந்தன. நல்ல வேளை, அவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தேன். கூரை இருந்தது. ஒரு மூலையில் ஷீட் உடைந்திருந்தது, அவ்வளவுதான். வலை ஈரத்தில் அப்படியே கூரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

படியேறி ஓடினேன். அறையில் யாரும் இல்லை. தூளி வெறுமனே தொங்கியது.

அப்போது குளியலறையிலிருந்து பாசுரம் கேட்டது. கதவைத் தள்ளினேன். மாமி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் என் மகளை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு சொட்டுகூட நனையவில்லை, ஒரு காய்ந்த துண்டில் சுற்றியிருந்தது. மாமி தலைமுதல் கால்வரை தொப்பலாக நனைந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

என்ன ஆச்சு என்று கேட்டேன். மழைநீர்க் குழாய் முறிந்துவிட்டதாம். நான் உறுதி என்று நம்பிக் கட்டிய அதே குழாய். அந்த மூலையில் வலை விட்டுப்போய் ஷீட் தூக்க ஆரம்பித்திருக்கிறது. மாமி குழந்தையைக் குளியலறைத் தரையில் துண்டை விரித்துப் படுக்க வைத்து, கதவை வெளியே தாழ் போட்டுவிட்டு, அறுபது தாண்டிய அந்த உடம்போடு காற்றுக்குள் போய், பறக்கிற வலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்து, மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். ஷீட் போனால் குளியலறைக் கதவையும் அடித்துக்கொண்டுதான் போகும் என்று அவருக்குத் தோன்றியதாம்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன்.

"காத்து அடிக்கறப்ப வெளிய வரவே கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன் மாமி? ஷீட்டு பேந்து மேல அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று அழுதுகொண்டே கத்தினேன். எங்கள் ஊரில் ரத்த சொந்தத்தைத்தான் இப்படித் திட்டுவோம். வீட்டுக்காரரைத் திட்டுகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மாமி குழந்தையை என் கையில் கொடுத்தார். "கத்தி முடிச்சாச்சா? நீ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நானா? நான் கட்டியிருப்பேன்."

"அதத்தான் நானும் பண்ணேன். மொதல்ல போய் முடிச்சு சரியா இருக்கான்னு பாரு."

போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் முடிச்சு இல்லை அது. மேல்கோட்டையில் கிணற்றில் தண்ணீர் இழுத்து வளர்ந்தவர்கள் வாளிக்குப் போடுகிற முடிச்சாம். முழு பலத்தையும் போட்டு இழுத்தேன், அசையவில்லை. பின்னால் ஆனியில் வலையை இறக்கும்போது, வலைக் கயிற்றோடு பிறந்த எனக்கு அதை அவிழ்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று முடிச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது மாமி தன் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை நனைந்தால் எத்தனை சோப்புப் போட்டாலும் பழைய வாடை எழுந்துவிடும். "இந்த வாசனை எத்தன நாள் இருக்கும்?" என்று கேட்டார். எங்கள் அம்மா கையில் கடைசிவரை இருந்தது என்றேன். மாமி குளிக்க ஓடவில்லை. புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு, பசியில் சிணுங்கிய என் மகளுக்குக் கீழேயிருந்து தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்து, தோல் உரிந்த அந்தக் கையாலேயே ஊட்டினார்.

அதன்பிறகு ஏழெட்டு வருஷம் அதே வீட்டில் இருந்தோம். அடுத்த கோடைக்கு முன்னால் மாமியே ஆளை வைத்து நாலாவது மூலையில் ஒரு வளையம் அடிக்க வைத்தார். தெருவில் நிறையப் பேர் கூரையிலிருந்து கல்லை இறக்கிவிட்டுக் கயிறு கட்டினார்கள். வலை கிடைக்குமா என்றுகூட இரண்டு வீட்டில் கேட்டார்கள். மாமி இப்போது இல்லை. எங்களுக்குச் சொந்தமாகக் காங்கிரீட் வீடு வந்துவிட்டது. ரேடியோவில் புயல் என்ற வார்த்தை கேட்டால் இன்றைக்கும் நான் எழுந்து மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன், மகள் கேலி செய்கிறாள். காற்றுக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எல்லாம் தெரியும் என்று இப்போதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் என் மகள் அன்று பிழைத்தது எனக்குத் தெரிந்ததால் மட்டுமல்ல, மீன் வாடையே ஆகாத ஒருவர் அந்த ஈர வலையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றதால்தான் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை.